கர்ப்பிணியிடம் கேட்கப்படாமலிருந்த ஒரு கேள்வி

கருவுற்ற பெண் ஒருத்தி மருத்துவமனைக்குச் சென்றால் அங்கே என்னென்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். எடை பார்ப்பார்கள். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் அளப்பார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என்று சோதிப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடுவார்கள். எல்லாம் ஓர் அட்டையில் குறிக்கப்படும்.

சென்ற ஆண்டு என் தங்கைக்குத் துணையாக அத்தகைய மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண். ஆறேழு மாதக் கர்ப்பம் இருக்கும். உடன் அவள் மாமியார். இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகச் செவிலி அவளுடைய ரவிக்கைக் கையை மேலே தள்ளியபோது, மேற்கையின் உட்புறத்தில் நான்கு கன்றிய தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ‘‘என்னம்மா இது?’’ என்றார் செவிலி. ‘‘குளியலறையில வழுக்கி விழுந்துட்டா’’ என்று மாமியார் பதில் சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். செவிலி இரத்த அழுத்தத்தை மட்டும் அட்டையில் எழுதினார். அடுத்தவரை அழைத்தார்.

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆனால், விழும் பொருள்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன். வழுக்கி விழுகிறவருடைய கை தானாகவே முன்னே நீளும். தரையில் முதலில் மோதுபவை உள்ளங்கை, முழங்கை, முழங்கால், இடுப்பு போன்ற துருத்திய பகுதிகளே. மேற்கையின் உட்புறம் தரையில் மோதுவது அரிது. அதுவும் விரலளவு இடைவெளியில் நான்கு இடங்களில் மோதுவது அதனினும் அரிது. தரைக்கு விரல்கள் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இன்னதென்று முடிவுகட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால், வீட்டுக்கு வந்தபின் என் தங்கையின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எடைக்கு ஒரு கட்டம், அழுத்தத்துக்கு ஒரு கட்டம், புரதத்துக்கு ஒரு கட்டம். ‘வீட்டில் உன்னை யாராவது அடிக்கிறார்களா?’ என்ற கேள்விக்கு மட்டும் கட்டம் இல்லை. உலகில் வேறெங்காவது அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்று தேடியபோதுதான் அதற்கும் ஒரு வரலாறு உண்டென்று அறிந்தேன். அதையே இங்குக் காண்போம்.

அட்டை பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்வரை மருத்துவர்கள் கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் பிரசவத்தின்போதுதான் பார்த்தார்கள். இடைப்பட்ட ஒன்பது மாதங்களை யாரும் கவனிக்கவில்லை. 1901-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜான் வில்லியம் பாலன்டைன், பிரசவத்துக்கு முன்பே கர்ப்பிணிகளைச் சேர்த்துக் கவனிக்கத் தனி மருத்துவமனை வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செவிலியர் சிலர் கர்ப்பிணிகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று பார்க்கத் தொடங்கினர்.

அவர்களுக்குக் கைகொடுக்க ஒரு கருவியும் தயாராக இருந்தது. 1896-இல் இத்தாலியரான ரிவா ரோச்சி, கையில் காற்றுப்பட்டையைக் கட்டிப் பாதரசக் குழாயின் உயரத்தைக் கொண்டு இரத்த அழுத்தத்தை அளக்கும் எளிய முறையைக் கண்டிருந்தார். கர்ப்பிணிகளுக்குத் திடீரென வலிப்பு வந்து தாயும் சேயும் இறப்பது அக்காலத்தில் பெரும் கொடுமையாக இருந்தது. அழுத்தம் உயர்வதையும் சிறுநீரில் புரதம் தோன்றுவதையும் கவனித்தால், வலிப்பு வருமுன்பே ஆபத்தை உணரலாம் என்று தெரிந்தது. ‘நோய் வெளிப்படுமுன் தேடு, எல்லோரையும் தேடு’ என்பதே இதன் அடிப்படை. 1929-இல் பிரிட்டனின் சுகாதார அமைச்சகம், கர்ப்பிணி எந்தெந்த வாரங்களில் மருத்துவரிடம் வரவேண்டும் என்று ஓர் அட்டவணையையே வகுத்துவிட்டது.

1958-இல் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்டும் அவருடைய தோழர்களும், உலோகத்துக்குள் இருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட மீயொலி அலைகளைக் கொண்டு வயிற்றுக்குள் இருப்பதைப் படமாக்கிக் காட்டினர். அடுத்து வந்த ஆண்டுகளில், தோலுக்கு அடியில் துடிக்கும் சின்னஞ்சிறு இதயமும் மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், அந்தத் தோலின் மேலேயே இருந்த காயம் மட்டும் தெரியாமலே இருந்தது.

எக்ஸ் கதிர் சொன்ன சாட்சி

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை மருத்துவம் முதலில் கண்டுகொண்டது பெண்களிடத்தில் அன்று, குழந்தைகளிடத்தில். 1946-இல் ஜான் காஃபி என்ற அமெரிக்க எக்ஸ்கதிர் மருத்துவர், மண்டைக்குள் இரத்தக்கசிவு இருந்த 6 கைக்குழந்தைகளின் படங்களை ஆராய்ந்தார். அவர்களுடைய கைகால்களின் நீண்ட எலும்புகளில் 23 முறிவுகள் காணப்பட்டன. எலும்பு முறிந்தால் அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து ஆறும். எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதிலிருந்து முறிந்த காலத்தைக் கணிக்கலாம். ஒரே குழந்தையின் முறிவுகள் வெவ்வேறு காலத்தவை என்றால், ‘தொட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்தது’ என்ற கதை நிற்காது.

1962-இல் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய தோழர்களும், அடிபட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் 302 குழந்தைகளின் விவரங்கள் இருந்தன. அந்தக் கட்டுரை அமெரிக்கச் சட்டங்களையே மாற்றியது.

பேசத் தெரியாத குழந்தைக்காக எலும்பு பேசிற்று. வளர்ந்த பெண்ணுக்கு வாய் இருக்கிறது. அதனாலேயோ என்னவோ, அவளுக்காகப் பேச ஒரு கருவி வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவள்தான் சொல்லட்டுமே என்று இருந்துவிட்டார்கள்.

பழைய ஏடுகளில் கிடைத்த உண்மை

1971-இல் லண்டனின் சிசிக் பகுதியில் எரின் பிஸ்ஸி என்ற பெண்மணி, கணவனால் அடிபட்ட பெண்கள் குழந்தைகளுடன் வந்து தங்க ஓர் இல்லம் திறந்தார். சிறிய வீடு, விரைவிலேயே இடமில்லாமல் நிரம்பி வழிந்தது. அதைப் போன்ற இல்லங்கள் பிற ஊர்களிலும் தோன்றின. இவ்வளவு பெண்கள் அடிபட்டிருந்தால், இவர்களுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

இதற்கு விடை தேடினர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் ஸ்டார்க், ஆன் ஃபிளிட்கிராஃப்ட், வில்லியம் ஃபிரேசியர் ஆகிய மூவர். நியூ ஹேவன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் காயத்துடன் வந்த 481 பெண்களின் பழைய ஏடுகளை அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினர். 1979-இல் வெளியான முடிவு இது: மருத்துவர்கள் 35 பெண்களுக்கு ஒருவரை மட்டுமே வீட்டில் அடிபட்டவர் என்று அடையாளம் கண்டிருந்தனர். காயங்களின் இடத்தையும் அவை திரும்பத் திரும்ப வந்ததையும் கொண்டு கணித்தால், நால்வரில் ஒருவர் அப்படிப்பட்டவர்.

விபத்தில் அடிபட்டவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுடைய காயங்கள் மார்பிலும் வயிற்றிலும் மிகுதியாக இருந்தன. உடையால் மூடப்படும் இடங்கள் அவை. ஏட்டில் காயம் இருந்தது. தையல்களின் எண்ணிக்கை இருந்தது. யார் செய்தது என்பது மட்டும் இல்லை. கேட்கப்படாததால் எழுதப்படவில்லை.

கர்ப்பமும் அடியும்

ரிச்சர்டு கெல்லஸ் என்ற சமூகவியலாளர் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 80 குடும்பங்களைப் பேட்டி கண்டார். குடும்பச் சண்டைகள் எப்படித் தோன்றுகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. கர்ப்பத்தைப் பற்றி அவர் தேடவில்லை. ஆனால், பேச்சினூடே சில பெண்கள், ‘அப்போது நான் முழுகாமல் இருந்தேன்’ என்று சொன்னார்கள். எண்ணிப் பார்த்தபோது, வன்முறை நிகழ்ந்த குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றில் அது கர்ப்பகாலத்திலும் நிகழ்ந்திருந்தது. 1975-இல் அவர் இதைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். கர்ப்பமே அடியைத் தூண்டுகிறதோ என்ற ஐயம் பலருக்கும் எழுந்தது.

இங்கு ஒரு செய்தியை மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கெல்லஸ் தம்முடைய முதல் கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. 1985-இல் அமெரிக்கா முழுவதும் 6,002 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய கணக்கெடுப்பைக் கொண்டு அதைத் தாமே மறுபடி சோதித்தார். கர்ப்பிணிகள் மற்றப் பெண்களைவிட அதிகம் அடிபட்டிருந்தது உண்மைதான். ஆனால், கர்ப்பிணிகளுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். இளம்பெண்கள் கர்ப்பமில்லாத போதும் அதிகம் அடிபடுகிறார்கள். ஒத்த வயதினரை ஒப்பிட்டபோது வேறுபாடு மறைந்துவிட்டது! 1988-இல் இதையும் அவரே வெளியிட்டார்.

அப்படியானால் கர்ப்பம் அடியைத் தூண்டுகிறது என்பது நிலைநாட்டப்படவில்லை. அதே வேளையில், கர்ப்பம் அடியைத் தடுக்கவும் இல்லை. ‘வயிற்றில் பிள்ளை இருக்கிறதே, யார்தான் கைவைப்பார்கள்?’ என்று நாம் எண்ணிக்கொள்வது வெறும் எண்ணம்தான்.

ஹூஸ்டன் நகரச் செவிலியர்

அந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர்கள் செவிலியர்களே. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஆன் ஹெல்ட்டன், ஜூடித் மக்ஃபார்லேன், எலிசபெத் ஆண்டர்சன் ஆகியோர், பேறுகாலக் கவனிப்புக்கு வந்த 290 பெண்களைத் தேர்ந்து பேட்டி கண்டனர். அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களும் இருந்தனர். தனியார் மருத்துவரிடம் வந்தவர்களும் இருந்தனர். நூற்றுக்கு 8 பேர் அந்தக் கர்ப்பத்திலேயே அடிபட்டிருந்தனர். மேலும் 15 பேர் அதற்கு முன்பு அடிபட்டிருந்தனர். இது வெளியான ஆண்டு 1987.

அடுத்து, எந்தச் செவிலியும் ஓரிரு நிமிடங்களில் கேட்டு முடிக்கக்கூடிய ஒரு சிறிய வினாத்தாள் உருவாயிற்று. அதன் கேள்விகள் மிக எளியவை. கடந்த ஓராண்டில் யாராவது உங்களை அடித்தோ, அறைந்தோ, உதைத்தோ இருக்கிறார்களா? கருவுற்ற பிறகு? உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாராவது உடலுறவுக்கு வற்புறுத்தினார்களா? யாரையாவது கண்டு அஞ்சுகிறீர்களா? இவற்றோடு மனித உடலின் கோட்டுப்படம் ஒன்றும் இருந்தது. எங்கே அடிபட்டது என்று அதில் குறிக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘நீங்கள் கொடுமைக்கு ஆளானவரா?’ என்று கேட்டால் பலர் ‘இல்லை’ என்றே சொல்வார்கள். அது தம் கணவரைக் கொடியவர் என்று தீர்ப்புச் சொல்வது போலாகும். ‘அறைந்தாரா?’ என்பது அப்படியன்று. அது நடந்த செயலைப் பற்றிய கேள்வி. தீர்ப்புச் சொல்லாமலே அதற்கு விடை சொல்லலாம்.

ஹூஸ்டனிலும் பால்ட்டிமோரிலும் 691 கர்ப்பிணிகளிடம், முதல் முறை வந்தபோதும் பின்னர் வந்தபோதும் தனியே இக்கேள்விகள் கேட்கப்பட்டன. ஆறு பேரில் ஒருவர் அந்தக் கர்ப்பகாலத்தில் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார். 1992-இல் வெளியான இந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. அடிபட்ட பெண்கள் கவனிப்புக்கு வருவதே தாமதம். கடைசி மூன்று மாதங்களில்தான் முதல்முறையாக வருவது அவர்களிடையே இருமடங்கு இருந்தது. உதவி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்தான் கடைசியாக வந்து சேர்கிறார்.

கேள்வியும் ஒரு கருவியே

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை உண்டு. மிகுந்த மின்தடை கொண்ட கம்பியின் இரு முனைகளுக்கிடையே குறைந்த தடையுள்ள வோல்ட்மீட்டரை இணைத்துவிட்டு, ‘சார், மின்னழுத்தமே இல்லை!’ என்பார்கள். மின்னழுத்தம் இல்லாமல் இல்லை. கருவியே அதை இறக்கிவிட்டது. கேள்விக்கும் இது பொருந்தும்.

1991-இல் வெளியான ஓர் ஆய்வில், மகளிர் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களுள் ஒரு பகுதியினரிடம் கேள்விகளை அச்சிட்ட தாளாகக் கொடுத்தனர். அடிபட்டதாகக் குறித்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். இன்னொரு பகுதியினரிடம் அதே கேள்விகளைச் செவிலி நேரில் கேட்டார். சொன்னவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர்! தாளுக்குக் கண்கள் இல்லை. அதனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுவது இயற்கைதானே?

1996-இல் ஜூலி கஸ்மராரியன் என்பவரும் அவருடைய தோழர்களும், அதுவரை வெளியான 13 ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். கர்ப்பகால வன்முறையின் அளவு நூற்றுக்கு 0.9-லிருந்து 20.1 வரை மாறுபட்டது. ஒருமுறைக்கு மேல் கேட்ட ஆய்வுகளிலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேட்ட ஆய்வுகளிலும் அளவு மிகுந்திருந்தது. முதல்முறை ‘இல்லை’ என்ற பெண், மூன்றாம் முறை அதே முகத்தைக் காணும்போது ‘ஆம்’ என்கிறாள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அறையின் கதவு. கணவனோ மாமியாரோ அருகில் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது வீண். சுழிப்பிழை உள்ள கருவியால் அளப்பதைப் போன்றது அது. வீணானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. வீட்டுக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அடி விழலாம். பிரிட்டனில் தாய்மார்களின் மரணங்களை ஆராய்ந்து வெளியிடப்படும் அரசு அறிக்கை, கர்ப்பிணியை ஒருமுறையாவது தனியாகச் சந்திக்க வேண்டும் என்று 2001-இல் பரிந்துரைத்தது. அந்நாட்டின் சில மருத்துவமனைகள் இதற்கு ஓர் எளிய வழி கண்டன. கர்ப்பிணி தனியாகச் செல்லும் ஒரே இடம் கழிவறை. சிறுநீர் மாதிரி எடுக்க எல்லோரும் அங்கே போயாக வேண்டும். அங்கே சிறிய ஒட்டுத்தாள்களை வைத்தார்கள். பேச விரும்புகிறவர் அதில் ஒன்றைக் குப்பியின்மேல் ஒட்டிக் கொடுத்தால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை.

கருவுக்கு என்ன நேர்கிறது?

கருப்பையின் சுவர் தசையாலானது, நெகிழ்ந்து வளையக்கூடியது. அதன்மேல் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடித் திசு அவ்வளவு நெகிழாது. வயிற்றில் பலமாக அடி விழுந்தால் சுவர் சட்டென உருமாறுகிறது. நஞ்சு அதனுடன் இணைந்து உருமாறுவதில்லை. இரண்டும் சேரும் பரப்பில் சறுக்கு விசை தோன்றி, நஞ்சு சுவரிலிருந்து பிய்ந்துவிடலாம். குழந்தைக்குப் பிராணவாயுவும் உணவும் போகும் வழி அங்கேயே அறுபடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. கர்ப்பத்தில் அடிபட்ட பெண்களுள் கால் பங்கு முதல் பாதிவரை, இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியிருந்தனர். அடித்தவர் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் தந்தையே.

வயிற்றில் அடி விழாவிட்டாலும் தீங்கு உண்டு. ஓயாத அச்சம், போதாத உணவு, தாமதமான மருத்துவம் ஆகியவை சேர்ந்து குழந்தையைப் பாதிக்கின்றன. 1989-இல் லிண்டா புல்லக்கும் மக்ஃபார்லேனும் பிரசவித்த 589 பெண்களை ஆராய்ந்தபோது, எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது அடிபட்டவர்களிடையே ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. தாயின் உயிருக்கும் இது ஓர் எச்சரிக்கை. கர்ப்பத்தில் அடிபட்ட பெண், பின்னாளில் அதே கையால் கொலையுண்ணும் அல்லது கொலை முயற்சிக்கு ஆளாகும் ஆபத்து ஏறத்தாழ மும்மடங்கு என்று மக்ஃபார்லேன், ஜாக்குலின் காம்பெல் முதலியோர் 2002-இல் காட்டினர்.

கேட்டால் மட்டும் போதுமா?

இவ்வளவும் தெரிந்தபின் எல்லா நாடுகளும் உடனே கேட்கத் தொடங்கியிருக்கலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். ஆனால், இங்கேதான் ஒரு நியாயமான தடை எழுந்தது.

எல்லோரையும் சலித்துப் பார்க்கும் சோதனைகளுக்கு வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் சில விதிகளை வகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்று: கண்டுபிடித்தால் கொடுப்பதற்கு ஏற்ற சிகிச்சை இருக்கவேண்டும். இரத்த அழுத்தம் உயர்ந்தால் மருந்து உண்டு. ‘ஆம், அடிக்கிறார்’ என்று ஒரு பெண் சொன்னால், மருத்துவரிடம் என்ன மருந்து இருக்கிறது?

கனடாவின் ஒன்ட்டாரியோ மாநிலத்தில் ஹாரியட் மக்மில்லன் தலைமையில் 6,743 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. இவர்கள் கர்ப்பிணிகள் மட்டுமல்லர்; பலவகை மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே வன்முறையைப் பற்றிக் கேட்டு, விடையை மருத்துவரிடம் கொடுத்தனர். மற்றவர்களிடம் அவ்வாறு செய்யவில்லை. 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியினருக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. கேட்டதனால் தீங்கும் இல்லை. 2009-இல் வெளியான இந்த முடிவு, கேள்வி மட்டுமே மருந்தாகாது என்பதை உணர்த்திற்று.

கேள்விக்குப் பின்னால் உதவி இருந்தால்? ஹாங்காங் நகரில் 110 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனை 2005-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற ஒருவர் அரைமணி நேரம் தனியாக அமர்ந்து, செவிமடுத்து, பாதுகாப்பு வழிகளைச் சொன்னார். சொல்லடிகளும் சிறு அடிகளும் குறைந்தன. கடும் வன்முறையில் மாற்றம் தெரியவில்லை. வாஷிங்டன் நகரில் 1,044 கறுப்பினக் கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனை 2010-இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவமனை வருகைகளின்போதே பலமுறை ஆலோசனை தரப்பட்டது. வன்முறை மீண்டும் நிகழ்வது குறைந்தது. மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைகளும் குறைந்தன.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2004-இல் ‘சான்று போதவில்லை’ என்றது. 2013-இல் கருத்தை மாற்றிக்கொண்டு, பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களிடம் கேட்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் வேறு வழியில் சென்றது. மருத்துவமனைக்கு வரும் பெண்கள் எல்லோரிடமும் கேட்கவேண்டியதில்லை என்றது. ஆனால், கர்ப்பிணிகளின் நிலை தனி என்று ஏற்றுக்கொண்டு, சில நிபந்தனைகளின் பேரில் அவர்களிடம் கேட்கலாம் என்றது. கேட்பவருக்குப் பயிற்சி, தனி அறை, இரகசியம் காக்கும் உறுதி, அடுத்து அனுப்பி வைக்க ஓர் இடம் ஆகியவையே அந்த நிபந்தனைகள்.

இரண்டு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. கைநீட்டித் தாங்கத் தயாராக இருப்பவரே கேட்க வேண்டும். ஆனால், தயாராக இல்லை என்பதையே கேட்காமலிருக்கக் காரணமாக்கிக்கொண்டால், தயாராகும் நாள் என்றும் வராது.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு இது அயல்நாட்டுச் சங்கதி அன்று. ஷிரீன் ஜெஜீபாய் என்ற ஆராய்ச்சியாளர், உத்தரப்பிரதேசத்திலும் நம் தமிழ்நாட்டிலும் கிராமப் பெண்களிடம் திரட்டிய செய்திகளைக் கொண்டு 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். கணவனிடம் அடிபட்டவர்களிடையே கருச்சிதைவும் குழந்தை மரணமும் மிகுந்திருந்ததை அது எடுத்துக்காட்டியது.

2001-இல் மும்பை மாநகராட்சியும் ‘செஹத்’ என்ற ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, பாந்திரா பகுதியின் மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. திலாசா என்றால் ஆறுதல். இதன் சிறப்பு, அது மருத்துவமனையின் ஒரு பகுதியாகவே இருந்ததுதான். வெளியே தனிக் கட்டடமாக இருந்தால், அங்கே போகும் பெண்ணை ஊரே கவனிக்கும். மருத்துவமனைக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை. அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கேட்கப் பயிற்சி தரப்பட்டது. சொன்ன பெண்ணை அதே கட்டடத்திலிருந்த ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல முடிந்தது. பின்னர் இம்முறை மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மருத்துவமனை அவளுக்குச் சிகிச்சை தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவித் தொலைபேசி எண்ணும் உண்டு. நம் கிராமச் செவிலியர் கர்ப்பிணியை வீட்டுக்கே சென்று பார்க்கிறார். பாஸ்டன் செவிலியர் 1901-இல் செய்ததும் அதுதான். நம் கிராமச் செவிலியரிடம் கர்ப்பிணிகள் வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது. ஆனால், வீட்டில் தனி அறை கிடைப்பதில்லை. கூடத்தில் எல்லோரும் இருப்பார்கள். மருத்துவமனைதான் அதற்கு இடம்.

அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கதவு, இரண்டு நாற்காலி, ஐந்து நிமிடம், கேட்கக் கற்றுக்கொண்ட ஒருவர், அவர் மேசையில் அடுத்து அழைக்கவேண்டிய ஓர் எண். இவ்வளவே தேவை.

துணைக்குச் செல்லும் நமக்கும் இதில் பங்கு உண்டு. அன்று அந்த மாமியாரைப் பற்றிப் பலவாறு எண்ணிக்கொண்டே வீடு திரும்பிய எனக்கு, இந்த வரலாற்றைப் படித்தபின்தான் ஒன்று உறைத்தது. என் தங்கையின் முறை வந்தபோது நானும் அவளுடனேயே உள்ளே சென்றேன். செவிலி கேட்ட கேள்விகளுக்கு அவளை முந்திக்கொண்டு நானே விடை சொன்னேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாக நம்பினேன். ஆனால், அதை அவள் வாயால் சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த முறை சென்றபோது அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.